மரத்துப்போன வீடு

சாமான் ஏற்றி வந்த வண்டி மேட்டில் ஏற மாட்டேன் என்று சேற்றில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றுவிட்டது. மீதி தூரத்தை அக்காவும் தங்கையும் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தே ஏறினார்கள். ஜூன் மாதம். உலகின் தென்கோடித் தீவொன்றில் கிடக்கும் கேத்தருவே கிராமத்தில் அது நடுக்குளிர்காலம்; மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பெய்யாவிட்டால்தான் அது பேச்சு.

வீடு மேட்டின் உச்சியில் தனியாக நின்றது. அடி முதல் முகடு வரை மரம். மரச் சட்டங்களை நிறுத்தி, உள்பக்கம் பலகை அடித்து, வெளிப்பக்கம் மீன் செதில் அடுக்கியது போல மரச் சில்லுகளை வேய்ந்த பழைய வீடு. நனைந்து நனைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. தெற்குச் சுவரில் செதில்கள் கொட்டிப்போய்க் கறுத்த பலகை தெரிந்தது.

"இந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டு அழறதுக்கா உன் புருஷன் உசிரை விட்டான்?" என்றாள் அக்கா சுனில்தா. சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நோல்ஃபாவுக்குத் தைக்கவில்லை. ஏழு மாதமாக அவளுக்கு எதுவும் தைப்பதில்லை.

எலியெசேர் சால்மன் பண்ணையில் முங்காளி. கடலுக்கடியில் வலைக்கூண்டுகளுக்குள் இறங்கிச் செத்த மீன்களைப் பொறுக்குகிற வேலை. போன நவம்பரில் ஒரு காலை மூன்றாவது முறையாக இறங்கியவனைச் சக ஆட்கள் கயிற்றால் இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள். நோல்ஃபா அப்போது மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு வேலை முடியும் தறுவாயில், பனிக்கட்டித் தண்ணீரில் கைவிட்டு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளன் வந்து அழைத்துப்போனான். படகுத்துறையில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டாள்.

ஒன்றுமே தெரியவில்லை. எட்டு மணி நேரம் பனித் தண்ணீரில் ஊறிய விரல்கள். அவன் கன்னம் சில்லிட்டிருந்ததா, கொஞ்சம் சூடு மிச்சமிருந்ததா, அவளால் சொல்ல முடியவில்லை. கடைசியாகத் தொட்டதும் தொடாததும் அவளுக்கு ஒன்றுதான். அன்று விரலில் இருந்த மரப்பு பிறகு மெல்ல மெல்ல உள்ளே ஏறிவிட்டது. அடக்கத்தன்று அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

இந்த வீடு அவன் சாவதற்கு மூன்று மாதம் முன்னால் ஆசைப்பட்டு வாங்கிப்போட்டது. காஸ்த்ரோவில் இருந்த வாடகை அறையைக் காலி செய்யச் சொன்னபோது நோல்ஃபாவுக்குப் போக வேறு இடம் இருந்தது. அக்காவுக்கு அதே டவுனில் கம்பளி நூல் கடை, கடைக்கு மேலே சிமெண்டு வீடு. ஆனால் சாவி அவள் பையில் கிடந்தது. அதனால் இங்கே வந்தாள். அதற்கு மேல் காரணம் இல்லை.

சுனில்தா ஒரு வாரம் துணைக்குத் தங்கினாள். மாடி அறையில் படுத்தாள். நோல்ஃபா இரவெல்லாம் ஆலையில் நின்றுவிட்டுக் காலை எட்டேகால் பஸ்ஸில் இறங்கி வருவாள். அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் அக்கா புலம்ப ஆரம்பித்துவிடுவாள்.

"ராத்திரி பூரா வீடு முனகுதுடி. இப்பதான் ஒரு பக்கம் படார்ங்குது, திரும்பிப் படுத்தா இன்னொரு பக்கம் கிறீச்ங்குது. சுவத்துல காத்து பூந்து விளையாடுது. மூலைல எல்லாம் புழு ஓட்டை. அடுப்புக்குழாய் சூட்டுல பலகை பத்திக்கிட்டா என்ன பண்ணுவே? தீப்பெட்டிக்குள்ள குடியிருக்கோம்!"

"ம்."

"என்ன ம்? அப்புறம் அந்த மாடிப்படி. யாரோ ஏறி வர்ற மாதிரியே இருக்கு. எந்திரிச்சு விளக்கைப் போட்டுப் பாத்தா யாரும் இல்ல."

"ம்."

சனிக்கிழமை சுனில்தாவே ஊர்த் தச்சரை அழைத்து வந்தாள். தோன் பௌதிலியோவுக்கு அறுபது வயதிருக்கும். சட்டைப்பையில் பென்சில், கையில் குத்தூசி. வந்தவுடன் வீட்டுக்கு வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று. தூண் தூணாகக் குத்திப் பார்த்தார், காது வைத்துத் தட்டிப் பார்த்தார், டாக்டர் மாதிரி.

"புழு ஓட்டை எல்லாம் பழசும்மா. அதுங்க எப்பவோ குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. புதுசா தூள் கொட்டினாத்தான் கவலைப்படணும். புகைக்குழாய்க்கும் பலகைக்கும் நடுவுல ஒரு கை அகலம் தகரம் வச்சிருக்கான், கட்டினவன் கெட்டிக்காரன். தெற்குப் பக்கம் மட்டும் மழை இறங்குது. மழை கொஞ்சம் விட்டதும் வந்து புதுச் சில்லு அடிச்சுத் தர்றேன். தூண் எல்லாம் உங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டுத்தான் விழும்."

"வாய்ல நல்ல வார்த்தை வராதா உமக்கு?" என்றாள் சுனில்தா. "அந்தப் படி சத்தத்துக்கு வழி சொல்லும்."

"யாரோ ஏறுற மாதிரி கேக்குதா?"

"ஆமா!"

"ஏறினதுதான். நீங்கதான் ஏறினீங்க." அவர் சிரித்தார். "மிதிச்சா பலகை அமுங்கும். உடனே எழும்பாது. ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆற அமர எழும்பும். எந்தப் படி முதல்ல அமுங்குச்சோ அது முதல்ல. நீங்க படுத்துப் போர்வையை இழுத்து மூடுறப்ப அது கீழேருந்து மேல டக் டக்னு ஏறி வரும். உங்க அடியை உங்களுக்கே திருப்பிக் கொடுக்குது வீடு. அவ்வளவுதான்."

சுனில்தா நம்பவில்லை. அவர் பதின்மூன்று படியும் ஏறி மேலே போய், அறைகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். பிறகு மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மாத்தே இலைக் கஷாயத்தைக் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆனது. பேச்சு ஓய்ந்திருந்த ஒரு நேரத்தில் சமையலறைக்கு வெளியே டக் என்றது. பிறகு டக். அடி அடியாக மேலே ஏறியது. சுனில்தா தச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, அது நான்தான்," என்றார் அவர்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "சுவத்துக்குள்ள கோணிச்சாக்கும் பழைய பேப்பரும்தான் அடைச்சிருக்கான். மேல நின்னா கீழ பேசுறது ஒண்ணு விடாம கேக்குது. புருஷன் பெண்டாட்டி ரகசியம் பேசணும்னா தோட்டத்துக்குத்தான் போகணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்கோங்கம்மா," என்று முணுமுணுத்துவிட்டுச் சேற்றில் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சுனில்தா டவுனுக்குத் திரும்பினாள். கடையை இன்னும் எத்தனை நாள் பூட்டி வைப்பாள்?

நோல்ஃபா மெத்தையைச் சமையலறை அடுப்பருகே இழுத்துப் போட்டாள். அதன் பிறகு அவள் மாடிக்குப் போகவே இல்லை. போக ஒரு வேலையும் இல்லை. காலையில் வருவாள், விறகை அடுக்கி மூட்டுவாள், ரொட்டியும் டீயும் விழுங்குவாள், இரண்டு மணி வரை தூங்குவாள். எழுந்து உருளைக்கிழங்கு வேகவைப்பாள். இரவு பத்து மணிக்குப் பஸ். நாட்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகள் மாதிரி வித்தியாசமில்லாமல் போயின.

ஒருநாள் மூன்று மணிக்கு மேல், வழக்கமான மழை வெளிச்சத்தில் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது படிகள் சத்தம் கொடுத்தன.

டக். டக். டக்.

அவள் கவனிக்கவே இல்லை. பதின்மூன்றும் முடிந்து, மாடியில் பலகை ஒருமுறை கிறீச்சிட்டு ஓய்ந்தது. கிழங்கைப் பானையில் போட்டாள். உப்பை எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

அக்கா போய் ஒன்பது நாள் ஆகிறது.

ஒன்பது நாளாக அந்தப் படியை யாரும் மிதிக்கவில்லை.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. உப்பு டப்பாவைத் திறந்தாள். பிறகு உப்பைப் போட்டாள். மறுநாளும் அதே நேரத்துக்குக் கேட்டது. அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் அவள் தன்னையறியாமல் இரண்டாவது தட்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சுனில்தா பார்க்க வந்தாள். மில்காவோ என்கிற உருளைக்கிழங்கு அடை சுட்டுத் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். மேசையில் மூன்று தட்டு இருந்ததைப் பார்த்தாள்.

"யாருக்குடி?"

பதில் சொல்வதற்குள் படி பேசியது. சுனில்தாவின் கண் சத்தத்தைத் தொடர்ந்தபடி கூரைக்குப் போயிற்று. பதின்மூன்று. பிறகு அவர்கள் தலைக்கு நேர் மேலே பலகை அழுந்தும் சத்தம்.

"நீ மாடிக்குப் போனியா இன்னிக்கு?"

"இல்ல."

"நேத்து?"

"நீ போனதுலேருந்து யாரும் போகல."

சுனில்தா சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். கிசுகிசுப்பாகக் கேட்டாள்: "எலியெசேரா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் நோல்ஃபா, சாதாரணக் குரலில், விறகு விலை பேசுகிறவள் போல. "ஆனா அவருக்குத்தான் வலது கால் இழுக்குமே. பல வருஷம் முன்னாடி முங்குறப்ப அடிபட்டதுலேருந்து அது மரத்துப்போன கால்தானே. படி ஏறினா ஒரு அடி டக்னு விழும், இன்னொண்ணு தேய்ச்சுக்கிட்டு வரும். இது ரெண்டையும் சமமா வைக்குது. இது அவர் இல்ல."

ஏழு மாதத்தில் கணவனைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு அது. சுனில்தா அதற்கு அழுதாள். பயத்துக்கும் சேர்த்து அழுதாள். "எங்கூட வந்துடுடி. இன்னிக்கே வா," என்று கெஞ்சினாள். நாளைக்கு வேலை இருக்கிறது என்றாள் நோல்ஃபா.

மறுநாள் திங்கட்கிழமை. மூன்று மணி. அவள் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள்.

டக்.

பிறகு ஒரு தேய்ப்பு. ஈரமான கனம் ஒன்றைப் பலகை மேல் இழுப்பது போல.

டக். தேய்ப்பு.

டக். தேய்ப்பு.

சாம்பல் வாரி அவள் கையிலிருந்து நழுவியது. அந்த நடை அவளுக்குத் தெரியும். வாடகை அறையின் படிக்கட்டில் நான்கு வருடம் அவள் காது வைத்துக் காத்திருந்த நடை. வந்துவிட்டார் என்று நினைத்தாள். நேற்று வரை வேறு யாரோ, இன்று அவர் என்று நினைத்தாள்.

அன்று இரவு முழுக்க ஆலையில் கத்தி கையில் ஓடிக்கொண்டிருக்க, அவள் மனம் ஒரே இடத்தில் நின்றது. நேற்று வரை ஏன் சமமாக நடந்தது? நான் சொன்ன பிறகு ஏன் மாறியது?

காலையில் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் சமையலறை நடுவில் நின்று, சுவரைப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள்.

"ஏழாவது படில நின்னு தொண்டையைச் செருமுவார். எப்பவும். அப்புறம்தான் மீதி ஏறுவார்."

அது பொய். எலியெசேர் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை.

படுத்தாள், தூக்கம் வரவில்லை. மழை சில்லுகளின் மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை. மூன்று.

டக். தேய்ப்பு.

அவள் எண்ணினாள். நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு.

நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் காதிலிருந்து ஒரு கை தூரத்தில், ஏதோ ஒன்று தொண்டையைச் செருமியது.

பிறகு மீதி ஆறு படியையும் காலை இழுத்துக்கொண்டு ஏறிப் போனது.

அன்றே அவள் போயிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். மாடியில் இருப்பது அவள் கணவன் அல்ல என்பது இப்போது உறுதி. அது பலகைக்குப் பின்னால் நின்று கேட்கிறது. கேட்டதைச் செய்து பார்க்கிறது. அதற்கு எலியெசேரைத் தெரியாது. அவள் வாயிலிருந்து விழுகிற அளவுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸில் இறங்கி மேட்டில் ஏறும்போதே அவளுக்குத் தான் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருந்தது. அடுப்பை மூட்டினாள். நாற்காலியைச் சுவரருகே நகர்த்தினாள். உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.

"அவர் மேல எப்பவும் ரப்பர் வாடை அடிக்கும். முங்குற உடுப்பு வாடை. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. அதோட கொஞ்சம் டீசல்."

இரண்டு நாளில் மாடிப்படிப் பக்கமிருந்து ஈர ரப்பர் வாடை இறங்கி வந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். சரியாகவே இருந்தது.

"கிழங்கைத் தோலோட சாப்பிடுவார். உக்கார்றதுக்கு முன்னாடி நாற்காலியை ரெண்டு தரம் தட்டுவார், ஏன்னு கேட்டா தெரியாதும்பார். நெஞ்சுல சளி இருக்கறப்ப மூணு இருமல் சேர்ந்து வரும், கடைசி இருமல் மட்டும் சின்னதா."

மாடியில் நாற்காலி இல்லை. ஆனாலும் இரண்டு தட்டல் கேட்டது. மூன்று இருமல் கேட்டது. கடைசி இருமல் சின்னதாக இருந்தது.

யாரிடமும் வாய் திறக்காதவள் தினமும் அந்தச் சுவருக்குச் சொன்னாள். மூன்று வாரம் சொன்னாள். அவர்கள் முதலில் பார்த்துக்கொண்ட படகு, சண்டை போட்ட நாட்கள், ஒருமுறை அவன் குடித்துவிட்டு வாசலில் தூங்கியது, பிறக்காமல் போன குழந்தைக்கு அவன் மட்டும் ரகசியமாக வைத்திருந்த பெயர். சொல்லச் சொல்ல உள்ளே எதுவும் இளகவில்லை. பெட்டியிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பது போலிருந்தது. பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. மேலே ஒரு ஆள் நிரம்பிக்கொண்டு வந்தான். நடந்தான், இருமினான், தட்டினான், பெருமூச்சு விட்டான். அவன் கனத்தில் கூரைப் பலகை அழுந்துவதை அவள் படுத்தபடி பார்த்தாள்.

சுனில்தா ஞாயிறுதோறும் போனில் அழைத்தாள். "ஏன்டி குரல் இப்படி ஆயிடுச்சு? சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

"அந்தச் சத்தம்?"

"இருக்கு. நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? மாதாவே, என்னடி பேசறே நீ?"

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு பகல். அவள் சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். விழித்தபோது அடுப்பு தணிந்திருந்தது. மழை நின்றிருந்தது. கேத்தருவேயில் அப்படி ஒரு நிசப்தம் அபூர்வம். கூரையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.

ரப்பர் வாடை முன்னெப்போதையும்விடத் தடிப்பாக இருந்தது.

மாடியிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

அவள் தலையைத் திருப்பவில்லை. அவள் கன்னத்துக்கு அருகில் இருந்த சுவர்ப்பலகை மெல்ல, மிக மெல்ல, அவள் பக்கமாகப் புடைத்தது. உள்ளேயிருந்து யாரோ முகத்தை வைத்து அழுத்துவது போல. பலகையின் இடுக்கு வழியே ஈரமான மூச்சு வந்தது.

பிறகு அது பேசியது.

"அப்புறம்?"

ஒரே சொல். ஆவலாக, பொறுமையாக, கதை கேட்கிற பிள்ளை கேட்பது போல.

"அப்புறம்?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தது அந்தச் சொல்லினால் அல்ல. அந்தக் குரலினால். அது எலியெசேரின் குரல் இல்லை. எலியெசேரின் குரல் எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மூன்று வாரமாக அந்தச் சுவர் கேட்டது ஒரே ஒரு குரலைத்தான்.

அது நோல்ஃபாவின் குரலில் பேசியது.

அவள் ஓடினாள். செருப்பு இல்லாமல், கோட்டு இல்லாமல், கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுச் சேற்று மேட்டில் சறுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். சாலையில் வந்த பால் வண்டிக்காரன் அவளைக் கண்டு நிறுத்தினான். ஒன்றும் கேட்காமல் தன் கம்பளியைப் போர்த்திக் காஸ்த்ரோவில் அக்கா கடை வாசலில் இறக்கிவிட்டான்.

சுனில்தா அவள் காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்தாள். "அழுதுடுடி," என்றாள். நோல்ஃபா அழவில்லை. காலில் நாலு இடத்தில் வெட்டு. எதுவும் வலிக்கவில்லை என்றாள்.

வீட்டைப் பூட்டச் சொல்லித் தச்சருக்குப் போன் போட்டதும் சுனில்தாதான். தங்கைக்கு உடம்பு சரியில்லை, இனி டவுனில்தான் இருப்பாள் என்று மட்டும் சொன்னாள். தோன் பௌதிலியோ போய்ப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

சிமெண்டு வீடு எந்தச் சத்தமும் போடவில்லை. மிதித்ததை அந்தப் படிகள் அதோடு மறந்துவிட்டன. நோல்ஃபா பகலில் கனவில்லாமல் தூங்கினாள், இரவில் ஆலைக்குப் போனாள். இரண்டாவது வாரம் கடையில் அக்காவுக்கு உதவியாகக் கம்பளி நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். வாடிக்கைக்காரிகளுக்கு வண்ணம் எடுத்துக் கொடுத்தாள். ஒருமுறை ஒரு கிழவி ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள்கூட. சுனில்தா அதைப் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போய் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை முற்பகலில் போன் அடித்தது. தோன் பௌதிலியோ. பின்னால் காற்றும் மழையும் இரைந்தன.

"அம்மா, மழை விடற வழியாத் தெரியல, தெற்குச் சுவத்துக்குச் சில்லு அடிக்க வந்துட்டேன். ஏணில நிக்கறேன். ஏம்மா, வீட்ல ஆள் வச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நோல்ஃபா கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள். "ஆளா?"

"மாடில ஒருத்தர் இருக்காரே. நான் சுத்தியல் போடப் போட உள்ளேருந்து பேச்சுக் கொடுக்கறாரு. நான் பூட்டின பூட்டு அப்படியே இருக்கு, பின்பக்கமா நுழைஞ்சாரோ என்னவோ. உங்களுக்குச் சொந்தமா?"

"குரல் எப்படி இருக்கு?"

"குரல் எப்படி இருக்கும்? ஆம்பளைக் குரல்தான். கொஞ்சம் கரகரன்னு, பேசறப்பவே சிரிப்பு கலந்த மாதிரி."

எலியெசேர் அப்படித்தான் பேசுவான். சுனில்தா கல்லாவிலிருந்து நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். தங்கை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன கேக்கறாரு?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். 'பனிக்கை ஷிஃப்ட் முடிஞ்சு வந்துட்டாளா'ன்னு கேக்கறாரு. நாலஞ்சு தடவை கேட்டுட்டாரு. எனக்கென்ன தெரியும்? யாரும்மா அந்தப் பனிக்கை?"

காலையில் ஆலையிலிருந்து வந்து போர்வைக்குள் நுழைந்து, விறைத்த விரல்களை எலியெசேரின் சட்டைக்குள் விட்டால் அவன் அலறிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லுவான். விரல்களைத் தன் அக்குளில் அடக்கிக்கொண்டு சூடேறும் வரை விடமாட்டான். போர்வைக்கு வெளியே ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்காவுக்குக்கூட அது தெரியாது. மூன்று வாரம் அந்தச் சுவரிடம் எல்லாவற்றையும் கொட்டியபோதும் அதை மட்டும் அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. கைக்கு எட்டாத ஆழத்தில் அது கிடந்தது.

தூக்கத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் அந்தப் பலகைகளுக்கு நடுவில் பகல் பகலாகத் தூங்கியிருக்கிறாள். வாய் தானாக எதை உளறியதோ.

அல்லது சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? அவருக்கு என்ன சொல்றது?"

நோல்ஃபா தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். விரல் நுனிகள் எப்போதும் போல வெளுத்துக் கிடந்தன. அவற்றைச் சட்டைக்குள் விட்டு, தன் கழுத்துக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் ஷிஃப்ட் முடியலன்னு சொல்லுங்க," என்றாள்.

தச்சர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உரக்கக் கத்துவது அவளுக்குக் கேட்டது. பிறகு மழை. நெடுநேரம் வெறும் மழை.

"சொல்லிட்டேம்மா," என்றார் அவர் திரும்பி வந்து. "சரிங்கறாரு. மெதுவா வரட்டுமாம்."